சாவிக்காரனின் கைகள்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவே எக்ஸ்ரே அறை இருந்தது. அங்கே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவரைப் பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவருக்குத் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலை. தெருத்தெருவாக நடந்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "எக்ஸ்ரே அக்கா, என் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுதா? ஒண்ணும் இல்ல" என்பார்.

அக்கா காமிக்ஸ் படிப்பார். நாற்பத்தேழு வயதில், ஒளிவு மறைவில்லாமல், ஃபிலிம்கள் கம்பியில் தொங்கிக் காயும் நேரத்தில் மேசைமேல் விரித்து வைத்துப் படிப்பார். "பிள்ளைங்க படிக்கறதைப் போய் நீங்க படிக்கிறீங்களே" என்று ஒரு நர்ஸ் கேட்டதற்கு, "பிள்ளைங்க படிக்கறாங்க. நான் பார்க்கறேன்" என்றார்.

பார்க்கத்தான் செய்தார். வருடக்கணக்கில் உடம்புக்குள்ளே பார்த்துப் பழகிய கண். மாதம் ஒருமுறை வரும் ஒரு காமிக்ஸ் இதழை வாங்கிய அன்றே முதலில் எழுத்தை எல்லாம் விட்டுவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுவார். கதை பாதியாவது புரிந்தால் ஓவியர் தேறினார். பிறகு எழுத்தைச் சேர்த்துப் படிப்பார். மூன்றாம் நாள் ஆசிரியருக்குக் கடிதம் போய்விடும். கீழே 'எக்ஸ்ரே வாசகி' என்று கையெழுத்து.

கடிதங்களில் தாட்சண்யம் இருக்காது. 'பன்னிரண்டாம் பக்கத்தில் மழை பெய்வது படத்திலேயே தெரிகிறது. மேலே ஒரு கட்டம் போட்டு, மழை பெய்துகொண்டிருந்தது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.' இன்னொரு முறை: 'வில்லன் பேசும் பேச்சு படத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொள்கிறது. அவன் வாயை மூடினால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியும்.' யாருமே பேசாத பக்கம் ஒன்று வந்தால் மட்டும் மனம் விட்டுப் பாராட்டுவார்.

அந்த இதழில் அவருக்குப் பிடித்த தொடர் 'சாவிக்காரன்'. அடிதடி தெரியாத, துப்பாக்கி வைத்துக்கொள்ளாத ஒரு பூட்டு ரிப்பேர்காரன். திறக்க முடியாத பூட்டைத் திறக்கக் கூப்பிடுவார்கள். போன இடத்தில் ஒரு குற்றம் இருக்கும். கதைகள் சுமார்தான் என்பது அக்காவின் கருத்து. இழுத்தது படம். ஓவியர் அந்த மனிதனின் கைகளை வரைந்த விதம். கம்பியைப் பூட்டுக்குள் விட்டு, கண்ணை மூடி, விரல் நுனியால் கேட்பவன்போல் நிற்பான். கணவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, "சுண்டு விரலைப் பாருங்க, லேசா தூக்கி இருக்கு. வேலை தெரிஞ்சவன் கை இது" என்றிருக்கிறார். கணவர் பார்த்துவிட்டு, "பூட்டு நல்லா இருக்கு" என்றார்.

திடீரென்று அந்தக் கைகள் காணாமல் போயின. முதல் மாதம் சாவிக்காரன் பாதிக் கதைக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தான். குளிர்காலக் கதை, போகட்டும் என்று விட்டார். அடுத்த மாதமும் பைக்குள்ளேதான். மூன்றாம் மாதம் பூட்டு திறக்கும் இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான்காம் மாதம் பூட்டைத் தொடவே இல்லை, ஆள் வைத்துப் பெட்டியைத் தூக்கச் சொன்னான்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுதிவிட்டார்: 'பூட்டுத் திறப்பவன் கையைக் காட்டவில்லை என்றால் பாடகன் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஓவியர் சோம்பேறியாகிவிட்டார். கை வரைய அலுப்பாக இருந்தால் வேறு தொழில் செய்பவனைக் கதாநாயகனாக வைத்துக்கொள்ளட்டும்.'

கடிதம் அப்படியே அச்சானது. வாசகர் கடிதங்களின் கீழே முழு முகவரியும் போடுவது அந்த இதழின் வழக்கம். பத்து நாள் கழித்து அவருக்கே ஒரு கடிதம் வந்தது. மெல்லிய பேனாவில், அளவெடுத்ததுபோல் நேரான வரிகள்.

'நீங்கள் சோம்பேறி என்று எழுதிய ஓவியர் என் கணவர். ஒன்றரை வருடமாக அவருக்குக் கை நடுங்குகிறது. நான்கு மாதமாகப் படம் முழுவதையும் வரைவது நான். முகம் வருகிறது, கட்டடம் வருகிறது, பூட்டும் வருகிறது. கை மட்டும் வரவில்லை. அதனால்தான் பைக்குள் வைத்தேன். ஆசிரியருக்கு இது தெரியாது. கை எப்படி வரைவது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சும்மா இருங்கள்.'

அக்கா மூன்று முறை படித்தார். அன்று மாலை சமையலறையில் கை ஓடவில்லை. கணவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு என்ன தெரியும்?"

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. மறுநாள் பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டு, கழித்துப்போட வைத்திருந்த பழைய ஃபிலிம்களைக் கிளறினார். கையை எடுத்த படங்களாகப் பார்த்துப் பதினான்கு பொறுக்கினார். பெயர் இருந்த ஓரங்களை எல்லாம் கத்தரித்து எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பெரிய உறையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்தக் கடிதத்தில் இருந்த முகவரிக்குப் போனார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். விரல் இடுக்கில் கறுப்பு மை.

"நான்தான் எக்ஸ்ரே வாசகி."

அந்தப் பெண் வழிவிடாமல் நின்றாள். "சண்டை போடவா வந்தீங்க?"

"இல்லை. கை கொண்டு வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் சிரித்தது. "உள்ள விடு. கையோட வந்தவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது."

ஜன்னலோரம் சாய்வான மேசை. பக்கத்து நாற்காலியில் ஓவியர், வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார். அப்படியும் அது மெல்ல ஆடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"சோம்பேறின்னு எழுதினது நீங்கதானே? பரவாயில்லை. செத்துட்டேன்னு எழுதாம விட்டீங்களே."

"தெரியாம எழுதிட்டேன் சார். மன்னிச்சுக்குங்க."

"கை இல்லைன்னு கவனிச்சது நீங்க ஒருத்தர்தான்மா. மத்தவங்க எல்லாம் கதை பிரமாதம்னு எழுதியிருந்தாங்க. அதுதான் எனக்கு வருத்தமா இருந்தது."

இருபது வருடமாக அவர் படங்களுக்குக் கட்டம் போட்டதும், இருட்டுப் பகுதிகளில் மை நிரப்பியதும் அந்த மனைவிதான் என்பது பேச்சில் தெரிந்தது. உருவங்கள் மட்டும் அவருடையவை. கைகளைப் பற்றி அவரால் சொல்லித்தர முடியவில்லை. "நான் யோசிச்சு வரையலையே, அதுவா வந்தது" என்றார்.

அக்கா ஒரு ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். வெள்ளை எலும்புகள் வெளிச்சத்தில் தெளிந்தன.

"விரல் எங்க ஆரம்பிக்குது, சொல்லுங்க."

மனைவி தன் விரல் இடுக்கைத் தொட்டுக் காட்டினாள். "இங்க."

"அதுதான் தப்பு. அங்க இருக்கறது வெறும் தோல். எலும்பு பாருங்க, மூட்டு எவ்வளவு கீழ இருக்கு. மடக்குங்க, மேல முட்டுது பாருங்க, அங்கதான் விரல் ஆரம்பம். அதனாலதான் புறங்கையில பார்த்தா விரல் நீளம், உள்ளங்கையில பார்த்தா குட்டை."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து வயதிலிருந்து கூடவே இருக்கும் ஒருவரைப் பற்றிப் புதிதாக ஒன்று கேள்விப்பட்ட மாதிரி முகம். பிறகு பென்சிலை எடுத்தாள். அன்று மதியம் முழுக்க வரைந்து அழித்து வரைந்தாள். அக்கா, "கட்டைவிரலுக்கு ரெண்டு துண்டுதான், மூணு இல்ல" என்று அவ்வப்போது சொல்வதோடு சரி. தேநீர் ஆறிப்போயிற்று. ஓவியர் ஒருமுறை மட்டும், "விரல் எல்லாத்தையும் தனித்தனியா போடாதே, நடுவுல ரெண்டையும் ஒட்டிப் போடு" என்றார். அதில் ஒரு கை உயிர் பெற்றது.

அடுத்த இதழின் ஏழாம் பக்கத்தில் சாவிக்காரன் கையை வெளியே எடுத்தான். அக்காவுக்கு ஒரு சங்கடம் வந்தது. வாய்விட்டுப் பாராட்டலாமா? பழகியாயிற்றே என்று கண்டதை மறைப்பதா? கடைசியில் கண்டதையே எழுதினார்: 'கை பையிலிருந்து வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் கட்டைவிரல் கட்டுப்போட்டதுபோல் விறைத்து நிற்கிறது. கதை வழக்கம்போல் சுமார்.' பதிலுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. அதில் எழுத்தே இல்லை. வெவ்வேறு விதமாக வளைந்த ஒன்பது கட்டைவிரல்கள்.

வருடக் கடைசியில் ஓவியரே இதழ் அலுவலகத்துக்குப் போய் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னார். ஆசிரியர் கோபப்படவில்லை. ஆனால் வாசகர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தார். மூன்று இதழ்களில் கணவன் மனைவி இருவர் பெயரையும் போட்டுவிட்டு, நான்காவதில் மனைவி பெயரை மட்டும் போட்டார். உடனே ஒரு வாசகர் எழுதினார்: பெண் வரைய ஆரம்பித்ததிலிருந்து படத்தில் பழைய வலு இல்லையாம். அக்கா பழைய இதழ்களைப் புரட்டி, அதே மனிதர் ஏழு மாதத்துக்கு முன் எழுதிய கடிதத்தைக் கண்டுபிடித்தார். 'ஓவியரின் கைவண்ணம் முன்னைவிட மெருகேறியிருக்கிறது' என்று அதில் இருந்தது. அதை அப்படியே நகல் எடுத்து, 'அப்போதும் இதே கைதான்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். ஆசிரியர் இரண்டு கடிதங்களையும் அருகருகே போட்டார்.

ஓவியர் அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். கை மோசமாகிக்கொண்டே போனது. கண் கடைசிவரை மங்கவில்லை. மனைவி வரைந்து முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் எட்ட வைத்துப் பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ தலையசைப்பார். அவர் போன பிறகு அந்த வேலைக்கு அவள் அக்காவைக் கூப்பிட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு பஸ் மாறி அக்கா போய் வந்தார்.

'சாவிக்காரன்' தொடரை எழுதிவந்தவர் நிறுத்திக்கொண்டபோது, அந்தப் பெண் தானே ஒரு கதை எழுதி வரைந்தாள். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் ஒருத்தியின் கதை. முப்பத்திரண்டு பக்கம். அக்கா வழக்கம்போல் முதலில் படங்களை மட்டும் புரட்டினார், பிறகு எழுத்தோடு படித்தார்.

"படம் எல்லாம் நல்லா இருக்கு. முதல் நாலு பக்கத்தைத் தூக்கிப் போட்டுடு. அவ எங்க பொறந்தா, என்ன படிச்சான்னு யாருக்கு வேணும்? படகு கிளம்பற இடத்துல ஆரம்பி."

"அந்த நாலு பக்கம் வரைய எனக்கு ஒரு மாசம் ஆச்சுக்கா."

"அது படிக்கறவங்களுக்குத் தெரியாதே."

அவள் பக்கங்களைச் சேர்த்து அடுக்கி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்பு வரவில்லை. அக்காவும் தானாகப் போகவில்லை. "சமாதானமா ரெண்டு வார்த்தை சொன்னா என்ன?" என்று கணவர் கேட்டதற்கு, "சொன்னது சரிதானே" என்றார். ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

ஆறாவது வாரம் அவளே எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். வரிசையில் நின்ற நோயாளிகளைத் தாண்டி உள்ளே வந்து படப் பக்கங்களை மேசைமேல் வைத்தாள்.

"மூணு பக்கத்தைத்தான் தூக்கியிருக்கேன். நாலாவதைத் தூக்க மாட்டேன். படிச்சுப் பாருங்க."

அக்கா படித்தார். ஒருத்தி படகின் கயிற்றை அவிழ்க்கிறாள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"இது இருக்கட்டும்" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அடுத்தது யாரு? உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.