எந்த முப்பது?

ஒன்டாரியோவின் வடமேற்கு மூலையில், ஏரித்துறையில், மிதவை விமானங்களுக்குப் பெட்ரோல் போடுவது ஹெல்மி கோஸ்கெலாவின் வேலை. சரியான வாயாடி. ஆனால் குழாயைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். அங்கே வருகிற கனடா விமானிகள் லிட்டரில் கேட்பார்கள், அவளும் லிட்டரில் போடுவாள். புருஷன் போன பிறகு அவளை நிமிர வைத்தது இந்த வேலைதான்.

அன்று எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வெண்டெல் ஹாகன் வந்து இறங்கினான். புது முகம், அவள் மகன் வயது. காற்று வலுப்பதற்குள் வீடு சேர வேண்டுமென்று துடித்தான்.

"முப்பது போடுங்கம்மா, வீடு போய்ச் சேரத் தாராளம்."

போட்டாள். தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்து பார்க்காமல் எந்த விமானியும் கிளம்பமாட்டான். அவசரத்தில் இவன் கிளம்பிவிட்டான்.

குழாயைச் சுற்றும்போதுதான் பம்பைப் பார்த்தாள். முப்பது லிட்டர். அமெரிக்காக்காரன் எங்கே லிட்டரில் கேட்கப்போகிறான்? முப்பது கேலன் என்றால் நூற்றுப் பதிமூன்று லிட்டர் ஆயிற்றே. அவள் போட்டது எட்டு கேலன்கூடத் தேறாது. ரேடியோவுக்கு ஓடினாள்.

"வெண்டெல், கேக்குதா? நான் போட்டது லிட்டர்ப்பா, கேலன் இல்ல. தப்பு என்னோடது. கீழ ஏரி தெரிஞ்சா எறங்கிடு."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அந்த இரைச்சலில் அவள் செத்துப் பிழைத்தாள்.

"அதான் பெட்ரோல் முள்ளு படுத்துக்கிச்சா? கோளாறுன்னு நெனச்சு இவ்வளவு நேரமா தட்டிக்கிட்டிருக்கேன்."

"தட்டினா பெட்ரோல் ஊறுமா? எறங்குடா மொதல்ல."

பெயரில்லாத ஒரு குட்டி ஏரியில் இறங்கினான். வேறொரு விமானி கேன்களில் பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுத்தான். பையன் பத்திரமாக வீடு சேர்ந்தான். ஹெல்மி மட்டும் அதன் பிறகு குழாயைத் தொடவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் அதே விமானம் துறையில் வந்து நின்றது. வெண்டெல் நேராக அவளிடம் வந்தான்.

"நீங்கதான் போடணும்."

"வேற யாரையாச்சும் கூப்பிடுப்பா."

"வேற யாரு போட்டாலும் நான் ரெண்டு தடவை பாக்கணும். நீங்க இனி தப்பு பண்ணமாட்டீங்க. முப்பது போடுங்க."

அவள் குழாயை எடுத்தாள்.

"எந்த முப்பது?"

"கேலன்."

"லிட்டர்ல சொல்லு."

"நூத்திப் பதிமூணு," என்றான், குச்சியைத் தொட்டிக்குள் விட்டபடி.

பம்பு ஓடத் தொடங்கியது. அதில் ஓடும் எண்ணை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.