நைனா வெட்டிய கரை

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருடம், ஐப்பசி மழையில், எங்கள் தோட்டத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் இருந்த கரையை எங்கள் நைனாவே மண்வெட்டியால் வெட்டிவிட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது எட்டு வயது.

கோட்டூரில் ஆற்றோரம் எங்களுக்கு அரைக் காணி. அதையொட்டிய அரைக் காணி சித்தப்பாவுடையது. கத்தரியும் கீரையும் போடுவோம். அம்மா கூடையில் சுமந்து மயிலாப்பூருக்குப் போய் விற்று வருவாள். அந்த வருடம் கத்தரி பூவும் பிஞ்சுமாக நின்றது. மூன்று நாள் மழையில் ஆறு கரையின் கழுத்துக்கு வந்துவிட்டது.

காலையில் நைனா எங்களை விரலளவு பிஞ்சைக்கூட விடாமல் பறிக்கச் சொன்னார். பிறகு தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஆறு இறங்கிப் போகிற பக்கம், கரையை வெட்ட ஆரம்பித்தார். சித்தப்பா ஓடி வந்தார்.

“புத்தி கெட்டுப் பூட்ச்சாண்ணே? காய்க்கிற செடிய எவனாவது முழுகடிப்பானா?”

“கரை நிக்காதுடா. அதுவா ஒட்ச்சிக்கினு வந்தா மண்ணயே வாரிக்கினு பூடும். நாம வழி வுட்டா மெதுவா வந்துட்டுப் பூடும். நீயும் வெட்டு.”

சித்தப்பா வெட்டவில்லை. தன் கரைமேல் இன்னும் நாலு கூடை மண் போட்டார். எனக்கும் அவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது. தண்ணீர் பாத்திக்குப் பாத்தி ஏறி, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளை மூடியபோது நைனாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மத்தியானம் சித்தப்பாவின் கரை உடைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு வண்டி அகலத்துக்கு வாய் திறந்தது, அவ்வளவுதான். சித்தி இடுப்பில் குழந்தையோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஐந்தாம் நாள் வெள்ளம் வடிந்தது. சித்தப்பாவின் நிலத்தில் இடுப்பளவு பள்ளம்; மேல்மண் மொத்தமும் போயிருந்தது. எங்கள் கத்தரி அழுகிவிட்டது. ஆனால் பாத்திகளின்மேல் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்பு வண்டல், தயிர் உறைந்த மாதிரி படிந்திருந்தது. அதில் கீரை விதைத்தால் ஒரு மாதத்தில் அறுக்கலாம் என்றார் நைனா. ஊரெல்லாம் தோட்டம் போனபிறகு மயிலாப்பூரில் கீரைக்குக் கிராக்கி இருக்கும் என்று அம்மாவுக்கும் தெரியும்.

சித்தப்பா ஆற்று மணலை வாரிப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். நைனா வண்டலைக் கூடையில் அள்ளினார்.

“இத்த எங்க தூக்கினு போற?” என்றாள் அம்மா.

“மணல்ல இன்னா மொளைக்கும்? மேல இத்தப் போட்டாத்தான்.”

“நமக்கு இன்னா மிஞ்சும்?”

“பாதி மிஞ்சும்.”

அம்மா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். பத்து நாள் சுமந்தோம். நைனாவைப் பைத்தியம் என்றவருக்கு நம் மண்ணை ஏன் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். என் கூடையை வேண்டுமென்றே பாதிதான் நிரப்பினேன்.

அப்படி அள்ளும்போதுதான் வண்டலுக்குள் ஒரு வெண்டைச் செடி கிடைத்தது. வேரோடு, இரண்டு இலை இன்னும் பச்சையாக. நாங்கள் வெண்டை போட்டதே இல்லை. பேசாமலிருந்ததை மறந்து நைனாவிடம் ஓடினேன்.

“ஆறு நமக்கு வெண்டச் செடி குட்த்துகீது நைனா.”

அவர் அதை வாங்கி வேரைத் திருப்பிப் பார்த்தார். வேரில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணை விரலால் தேய்த்தார்.

“யாரு வூட்டுதோ” என்றார். பிறகு அதை வரப்போரம் நட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

செடிக்குச் சொந்தக்காரர் தேடி வருவார் என்று சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். அதன்பிறகு பல நாள், ஆறு வருகிற சைதாப்பேட்டைப் பக்கமிருந்து கரையோரமாக யார் நடந்து வந்தாலும், ஓடிப்போய் அந்தச் செடியை மறைத்துக்கொண்டு நின்றேன்.