கோயிலில் ஏலம் கூறிய சுருளிராஜன்

மார்க்கையன்கோட்டைச் சாலையில் இருக்கும் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர் சுருளிராஜன். விடிவதற்குள் வந்திறங்கும் கத்தரிக்காய், தக்காளி, பீட்ரூட், வாழைத்தார் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் வியாபாரிகளிடம் போகும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்பது அவர் வாயில் ஒரே சொல்லாக உருண்டு, கேட்பவர் நிமிர்வதற்குள் அடுத்த மூட்டைக்குப் போய்விடும். இருபது வருடப் பழக்கம். வீட்டில் குழம்பு கேட்டாலும் அதே வேகம்தான்.

“கொஞ்சம் நிறுத்திப் பேசுங்களேன். நான் என்ன கேரளா யாவாரியா?” என்பார் மனைவி ஹேமாவதி.

அப்பாவின் இருபோக வயலை அண்ணன் முத்துவீரன் பார்த்துக்கொள்ள, சுருளிராஜன் இளவயதில் மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவர். ஒருநாள் ஏலம் கூறுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சும்மா நின்றவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவர் இறங்கவே இல்லை.

மண்டியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கருங்கல் கிறிஸ்தவக் கோயில். மேகமலைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் கீழே வரும்போது கும்பிடுவதற்காகக் கட்டியது. துரைமார்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆங்கிலிக்கன் சபையும் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆகிவிட்டது. ஆனால் ஜெபப் புத்தகத்து ஆராதனை முறையும், மணிக்கூண்டும், மழைக்கு ஒழுகும் ஓட்டுக் கூரையும் அப்படியே இருந்தன. சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பங்கள், வாத்தியார்கள், நர்சுகள் என்று ஒரு சிறு சபை. சுவருக்கு அப்பாலிருந்து வரும் பாட்டைச் சுருளிராஜன் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறார். உள்ளே போனதில்லை.

முதல்போக நெல் அறுப்பு முடியும் சமயம் ஒருநாள் தவசி மண்டிக்கு வந்தார். லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயிலின் பொருளாளர்.

“அறுப்பின் பண்டிகை வருது தம்பி. சனங்க வெளஞ்சதக் கொண்டாந்து காணிக்கையா வப்பாக. ஆராதன முடிஞ்சதும் அத ஏலம் விடுவோம். எப்பவும் சாமுவேல் வாத்தியார்தான் ஏலம் கூறுவாக. அவக மகன் வீட்டுக்குக் கோயமுத்தூர் போயிட்டாக. நீ வந்து கூறுறியா?”

“இதெல்லாம் ஒரு வேலையாண்ணே? வந்துர்றேன்.”

பண்டிகையன்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். பந்தலுக்குக் கீழே நெற்கதிர்க் கட்டு, பூசணிக்காய், ஓடைப்பட்டித் திராட்சைக் கூடை, தேங்காய்க் குலை, முட்டைத் தட்டு, கால் கட்டிய கோழிகள், ஒற்றை எலுமிச்சம்பழம் என்று குவிந்து கிடந்தன. புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் போதகர், ஆயரம்மா எமீமா, ஜெபம் பண்ணி முடித்து, மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

பின்னால் தம் போட்டிருந்த பிரியாணி வேகுவதற்குள் சுருளிராஜன் அத்தனையையும் விற்று முடித்துவிட்டார். கை உயர்ந்ததும் விலை, விலை சொன்னதும் மூன்று தரம், அடுத்தது. அவர் குரல் கேட்டு, மண்டிக்கு வந்திருந்த ஓட்டல்காரர் கருத்தக்கண்ணன் கோயில் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். கோழிகளையும் ஒரு பெரிய பூசணிக்காயையும் மண்டி விலைக்கே வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா வளர்த்த சேவலை எடுப்பதற்காகவே திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர், பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது சேவல் போயே போய்விட்டது.

பந்தலில் சத்தமே இல்லை. சுருளிராஜன் பெருமையோடு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன தம்பி இப்பிடிப் பண்ணிட்ட?” என்றார் தவசி.

“என்னண்ணே? ஒத்தத் தேங்கா மிஞ்சல. எல்லாம் நியாயமான வெல.”

“நியாயமான வெலதாம்ப்பா கொறையே!”

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கோயிலில் ஏலம் என்பது வியாபாரம் இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு மாமனும் மச்சானும் மல்லுக்கட்டி விலையை ஏற்றுவார்கள். ஜெயித்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். சாயங்காலம் வரை சிரிப்பும் கேலியுமாக இழுக்கும். அதில் வரும் வருமானத்தில்தான் அந்த வருடம் கூரை மாற்றுவதாக இருந்தார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் அந்தப் பூசணிக்காய். அது சந்தோசம்மாள் என்ற விதவைத் தாயாருடையது. கிணற்றுப் பங்கில் மனத்தாங்கலான அவருடைய இரண்டு மகன்களும் வருடா வருடம் அம்மாவின் பூசணிக்காய்க்குப் போட்டி போடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அம்மா சமைப்பார், மற்றவர் குடும்பத்தோடு சாப்பிட வருவார். அண்ணன் தம்பி சேர்ந்து உட்காருவது அந்த ஒருநாள்தான். இந்த வருடம் அது ஓட்டல் சாம்பாருக்குப் போய்விட்டது.

ஆயரம்மா மட்டும் கோபப்படவில்லை. அவர் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அண்ணாச்சி, இவ்வளவு வேகமா ஒரு பண்டிகை முடிஞ்சு நான் பார்த்ததே இல்ல.”

திட்டியிருந்தால்கூடச் சுருளிராஜனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. நேரே ஓட்டலுக்கு ஓடினார். பூசணிக்காய் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடந்தது. மறுநாள் மண்டியில் நல்ல காயாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சந்தோசம்மாள் வீட்டுக்குப் போனார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என் கொடியில காச்சது இல்லய்யா. அதுக்கென்ன, உள்ள வா, காப்பி குடி.”

காப்பியோடு மகன்கள் கதை, மருமகள்கள் கதை, கிணற்றுக் கதை எல்லாம் வந்தது. மண்டிக்குக் காய் கொண்டுவருகிறவர்களைச் சுருளிராஜன் இருபது வருடமாகப் பார்க்கிறார். எந்தக் காய் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

டிசம்பரில் கேரல் பாடுகிற குழு, ஆயரம்மா சொன்னபடி, விடிகாலையில் மண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. முட்டைக்கோஸ் மூட்டை மேல் ஏறி நின்று டிரம் அடித்துப் பாடினார்கள். சுமைதூக்குகிறவர்கள் ஆடினார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்குக் காய்கறி முழுவதும் தன் பொறுப்பு என்று சுருளிராஜன் அங்கேயே சொல்லிவிட்டார். கொண்டுபோய் இறக்கியவரை யாரும் திரும்ப விடவில்லை. இலை போட்டு உட்கார வைத்தார்கள்.

அதன் பிறகு எதற்காவது போய்க்கொண்டே இருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் வந்தது. தவசி நாற்பது நாளும் காப்பி குடிப்பதில்லை என்று முடிவு செய்து, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். “அண்ணே, நீங்க காப்பிய விட்டீக, நாங்க நிம்மதிய விட்டோம்” என்று சுருளிராஜன் சொன்னதைக் கேட்டு, காப்பிக்கு ஏங்கிக் கிடந்த தவசியே சிரித்துவிட்டார். குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை போதவில்லை என்றதும் அண்ணன் முத்துவீரன் தோப்பிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிப்பார்கள். அன்றைக்கென்று பார்த்து, விஷு நெருங்கியதால் கேரளா வியாபாரிகள் மத்தியானமே வந்து குவிந்திருந்தார்கள். வாழைத்தார் லோடு வரிசையாக நின்றது. மேடையில் ஏறி வாயைத் திறந்த சுருளிராஜன், சுவருக்கு அப்பால் பாட்டு நின்று அமைதியானதைக் கேட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கீழே இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து முதல் வியாபாரியின் கைமேல் போட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வெளியே யாருக்கும் கேட்காது, தெரியாது.

“எந்தா சேட்டா இது?” என்றார் அந்த மலையாளி.

“அந்தப் பக்கம் துக்க வீடு மாதிரி. சத்தம் வேணாம்” என்று காதோடு சொன்னார் சுருளிராஜன்.

வியாபாரி தலையாட்டி, துண்டுக்குள் இரண்டு விரலை அழுத்தினார். அடுத்தவர் மூன்று விரல். இப்படியே ஆள் ஆளாகப் போய் மொத்த லோடும் வாய் திறக்காமல் விற்றுத் தீர்ந்தது. சுமைதூக்குகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். பாதியில் ஒருவருக்குத் தும்மல் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதைப் பார்த்து எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்து தவசி எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு மண்டி லீவா தம்பி?”

“லீவா? இங்கன நின்ன லோடு பூராம் போயிருச்சுண்ணே.”

தவசி காலியான தரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னாலேயே வந்த ஆயரம்மா கேட்டருகே நின்று கைகூப்பிவிட்டுப் போனார். சுருளிராஜனுக்கு அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது.

ஆனால் மே மாதம் கோடை மழை அடித்தபோது மறுபடி சங்கடம். பிரசங்க பீடத்துக்கு நேர் மேலே ஒழுகியது. தவசி குடை பிடித்துக்கொண்டு நிற்க, ஆயரம்மா நோவாவின் பேழையைப் பற்றிப் பேசினார். சனங்கள் சிரித்து மாளவில்லை. கதவோரம் நின்று பார்த்த சுருளிராஜன் மட்டும், நல்ல விலைக்கு ஏறாமல் போன அந்த எலுமிச்சம்பழத்தை மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

ஜூனில் லோயர் கேம்ப்பிலிருந்து முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நாற்றங்கால் போடுகிறவர்கள் விதைநெல்லைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஜெபித்து எடுத்துப் போனார்கள். நட்டு, களையெடுத்து, கதிர் முற்றி, மறுபடி அறுப்பு வந்தது.

“கமிட்டியில ரெண்டு பேரு வேணாம்னாக. ஆயரம்மாதான் ஒன்னையவே கூப்பிடச் சொன்னாக” என்று தவசி வந்து நின்றார். “கொஞ்சம் மெதுவாப் போகணும், என்ன?”

“இந்தத் தடவ எனக்கு அவசரம் இல்லண்ணே.”

அவர் அந்த வருடம் பூசணிக்காயில்தான் ஆரம்பித்தார். சந்தோசம்மாளின் மகன்கள் ஏசுவடியானும் தானியேலும் பந்தலின் இரண்டு மூலையில் நின்றார்கள். போன பண்டிகையிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

“ஏசுவடியான் அண்ணே கேட்டுட்டாக. தானியேலு, ஒங்க ஆத்தா இடுப்பு வலியோட தண்ணி சொமந்து ஊத்துன கொடி. ஒங்க மதிப்பு அம்புட்டுத்தானா?”

தானியேல் ஏற்றினார். அண்ணன் அதற்கு மேல் ஏற்றினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. சந்தோசம்மாளே எழுந்துவிட்டார். “போதும்டா! பூசணிக்காயா, தங்கக் கட்டியா?”

கடைசியில் தானியேல் கேட்டதுதான் நின்றது. சுருளிராஜன் ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். பிறகு மைக்கைக் கீழே தாழ்த்திக்கொண்டார்.

“சமையல் எங்கன?”

“எங்க வீட்டுலதான்” என்றார் தானியேல்.

“யார் யாருக்கு?”

தானியேல் தரையைப் பார்த்தார். “அண்ணனும் மதினியும் பிள்ளைகளோட வரட்டும்.”

“அண்ணே, காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, விழுந்துச்சு. வர்றேன்” என்றார் ஏசுவடியான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“மூணு தரம்!”

கைதட்டலில் கோழிகள் மிரண்டு கத்தின. பிறகு எலுமிச்சம்பழம் கை மாறி மாறி வந்தது. ஒரு முட்டையை நர்சுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வாத்தியாரிடமிருந்து பறித்தார்கள். பிரியாணி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. வெயில் தாழ்ந்தபோது ஒரு வெள்ளாட்டுக் குட்டி வந்தது. தவசி கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் அதற்கு மேல் கேட்டது. பார்த்தால் ஹேமாவதி. அவர் வந்ததே சுருளிராஜனுக்குத் தெரியாது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஏலத்தில் அவருக்கு வாய் குழறியது. “தவசி அண்ணே... மேல கேளுங்க...”

“கட்டுன பொண்டாட்டிக்கு எதிரா ஆள் ஏத்தி விடுறீகளா?” என்றார் ஹேமாவதி. தவசி அத்தோடு கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தது சுருளிராஜன்தான். வழியெல்லாம் அது அவர் வெள்ளைச் சட்டையை மென்றது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே கோயிலுக்குப் புது ஓடு போட்டுவிட்டார்கள். சேதி பரவி, பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து இரண்டு பேர் தங்கள் பண்டிகைக்கும் ஏலம் கூற வரவேண்டும் என்று மண்டிக்கே வந்து கேட்டார்கள். சுருளிராஜன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“அங்கன யாருக்கு யாரு சொந்தம், யாருக்கு யாரு சண்டைன்னு எனக்கு ஒன்னுமே தெரியாதேய்யா. மொதல்ல கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுங்க, வாரேன். ஈஸ்டருக்குக் கூப்பிடுங்க, வாரேன். ஏலத்த அப்புறம் பாப்போம்.”