காக்காய்க் கடி

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவும் நானும் திண்டுக்கல்லிலிருந்து மலேசியாவிலுள்ள கிள்ளானுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா கிள்ளான்காரர். அதுவரை விடுமுறைக்கு வந்துபோகும் மனிதராகத்தான் அவரை எனக்குத் தெரியும். வந்த கையோடு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மலாய்ப் பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டார். ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள், மொழி தெரியாமல் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கை மலாய்ப் பெண்தான் பென்சில் கொடுத்து, கையைப் பிடித்துக் கழிப்பறையைக் காட்டி, என்னைச் சேர்த்துக்கொண்டாள். அவளை விட்டால் எனக்கு அங்கே நாதியில்லை.

திடீரென்று அவள் இடைவேளையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை; அவள் வீட்டில் கஷ்டம் போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். மறுநாள் கடலை மிட்டாயைச் சீருடை நுனியில் சுற்றி, எச்சில் படாமல் காக்காய்க் கடி கடித்து, பாதியை நீட்டினேன். அவள் தலையசைத்து மறுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. என் கை பட்டதைத் தின்னமாட்டாளா?

"தாக் கவான்!" என்றேன். இனி நீ என் தோழி இல்லை என்று அர்த்தம். அழுகையும் வந்துவிட்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு பையன்கள் பார்த்துவிட்டார்கள். "பூவாசா! பூவாசா!" என்று கத்தினார்கள். வகுப்பே கூடிச் சிரித்தது. ஆசிரியை வந்து அவளை விசாரித்தார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாயா லாப்பார், சிக்கு" என்றாள். எனக்குப் பசித்தது, டீச்சர்.

பசி என்ற சொல் எனக்குத் தெரியும். இருந்தும், மீதி மிட்டாயைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒன்றும் புரியாதவள்போல் நின்றேன்.

சாயங்காலம் அப்பாவிடம், "பூவாசான்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"நோன்புமா. இது அவங்களுக்கு நோன்பு மாசம்லா, பகல்ல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. ஏன், ஸ்கூல்ல ஏதாச்சும் நடந்துச்சா?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

நோன்புப் பெருநாளுக்கு அவள் என்னை வீட்டுக்கு அழைத்தாள். அவளுடைய அம்மா என் தட்டில் பலகாரத்தை அள்ளி வைத்தபடி, மகள் ஒரு நாள் பசி தாங்காமல் நோன்பை விட்ட கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பலகாரத்தை மென்றேன்.

மொழி வராததால்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று வெகுநாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்று பக்கத்து ஊரான காப்பாரில் ஒரு கிளினிக்கில் நாள் முழுக்க மலாயில்தான் பேசுகிறேன், வேண்டுமானால் சண்டையும் போடுவேன். அவள் இன்றும் என் தோழிதான். பெருநாள்தோறும் அவளுடைய அம்மா அந்தக் கதையைச் சொல்கிறார், நானும் கூடவே சிரிக்கிறேன். "நான்தான் கொடுத்தேன்" என்ற ஒரு வரி மட்டும் இத்தனை வருடம் கழித்தும் என் வாயில் வரமாட்டேன் என்கிறது.