சிவப்பு அட்டையும் தாம்பூலத் தட்டும்

என் மனைவி வாசுகி மீன் வாங்கி வந்தால் வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பாள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பொருள்களில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ஐந்து மணிக்கு மணியடித்தாலும் அந்த வேலை நிற்பதில்லை. வீட்டில் அகப்படுகிற பொருள் நான்தான்.

பெர்மாஸ் ஜெயாவில் பன்னிரண்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். மகனுக்கு வீடு வேண்டும், டிசம்பருக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நாங்கள் சேர்த்து வைத்தது ஒரே ஒரு வீட்டின் முன்பணத்துக்குத்தான் காணும். அது கைவிட்டுப் போனால் அப்புறம் ஆயுசுக்கும் வாடகைதான்.

முதலில் வந்தவள் லோஷினி, வீட்டு ஏஜண்டு. கழுத்தில், பதிவு பெற்ற ஏஜண்டுகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டை. வாசுகி அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பெயர், எண், படம் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

"நாங்க உனக்கு எவ்ளோ கொடுக்கணும்?"

"நீங்க ஒன்னும் கொடுக்க வேணாம்க்கா. விக்கிறவருதான் எனக்குக் கமிஷன் கொடுப்பாரு."

"அப்ப நீ யாருக்காக ஓடுற?"

"அவருக்காகத்தான்க்கா. உங்களுக்குன்னு தனியா ஒரு லோயர் வச்சிக்குங்க."

அந்தப் பெண் வாசலைத் தாண்டும்வரைகூட வாசுகி பொறுக்கவில்லை. "பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா!" என்றாள். வாசுகியையும் குறை சொல்ல முடியாது. சாஆ ஊரில் அவள் குடும்பம் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தை விற்றபோது, டை கட்டிய புரோக்கர் ஒருவன் மலிவு வீடு வாங்கித் தருகிறேன் என்று பதினாலு குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். அவளுடைய அப்பாவின் பணமும் அதில் போனது.

ஆகவே ஏஜண்டே வேண்டாம், தெரிந்தவரிடம் நேராக வாங்குவோம் என்று முடிவு செய்தாள். தெரிந்தவர் என்றால் சுகுமாறன். நாங்கள் போகும் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நிற்பவர். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது.

"நம்மாளுங்களுக்குள்ள எதுக்குத் தங்கச்சி ஏஜண்டு? அந்தக் கமிஷன உனக்கே கழிச்சிக் கொடுத்துடுறேன்லா" என்றார் அவர்.

வாசுகி அந்த வீட்டின் சுவர்களைத் தட்டிப் பார்த்தாள், குழாய்களைத் திறந்து பார்த்தாள், கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். மனிதரை மட்டும் பார்க்கவில்லை.

"வீடு யாரு பேர்ல இருக்குன்னு கிரான் பத்திரத்த வாங்கிப் பாக்க வேணாமா?" என்றேன்.

"கோயில் ஆளு அவரு. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

இதைச் சொன்னது யார்? மீனை இரண்டு முறை நிறுப்பவள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அச்சாரப் பணமாக ஐயாயிரம் வெள்ளியை வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அம்மன் சன்னதியில் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னார் சுகுமாறன். எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை பாக்கோடு தட்டு கைமாறினால் வாக்குக் கொடுத்தாயிற்று. அதன்பிறகு ரிசீட்டு கேட்டால் எதிரில் நிற்பவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. கல்யாணம் பேச அது சரி. வீடு வாங்கவுமா?

அன்று வாசுகி தட்டோடு நின்றாள். பூசாரி தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட, சூடம் அணைவதற்கு முன்பே சுகுமாறனின் கை தட்டுக்கு நீண்டது. வாசுகி அதைப் பார்த்துவிட்டாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, கிரான் காப்பி ஒன்னு கொடுங்க. ரிசீட்டும் ஒன்னு எழுதிக் கொடுத்துடுங்க."

"சாமி முன்னாடி நின்னுக்கிட்டு சந்தேகப்படுறியா தங்கச்சி?"

"சாமி மேல சந்தேகம் இல்லண்ணே. உங்க மேலதான்."

கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சன்னதியையே அவமானப்படுத்திவிட்டாள் என்று சுகுமாறன் சத்தம் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது.

காருக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னாலேயே ஒருவர் வந்தார். கோயிலில் பந்தி பரிமாறும் தங்கராஜு.

"ரெண்டு மாசத்துக்கு முன்ன அதே வீட்டுக்கு நானும் கொடுத்தேன்மா. இதே மாதிரி தட்டுல வச்சி. எப்பக் கேட்டாலும், என்ன நம்பலயான்னு கோவிச்சிக்கிறான். சாமி முன்னாடி கொடுத்ததுக்கு எப்படி ரிசீட்டு கேக்குறதுன்னு அன்னைக்கு வாய மூடிக்கிட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. போலீசில் புகார் கொடுக்கத் துணைக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். காருக்குள் உட்கார்ந்ததும் வாசுகி பணத்தை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து லோஷினியைக் கூப்பிட்டாள்.

பணம் யார் கணக்குக்குப் போகும், வங்கி கடன் தராவிட்டால் திரும்பி வருமா, கிரானை எப்போது காட்டுவாய் என்று அரை மணி நேரம் குடைந்தெடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். இரண்டு கேள்விக்கு, "தெரியலக்கா, கேட்டுச் சொல்றேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வாசுகி போனை வைத்தாள்.

"இப்ப அவள நம்புறியா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஆனா கேள்வி கேட்டா கோவிச்சிக்க மாட்டேங்கிறா."