விழுந்தவனுக்கு ஒரு கீ

அமெரிக்காவில் டிவியில் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள் என்ற கவலை, திருச்சி பாலக்கரையில் ஜவுளிக் கடை மாடியில் உட்கார்ந்திருந்த எங்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை விடுகிறான் என்பீர்கள்.

எங்களுடையது சின்ன பேக் ஆபீஸ் கம்பெனி. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில், இன்ஷூரன்ஸ் பாரம் என்று எதைக் கொடுத்தாலும் டைப் அடித்துத் தருவோம். நான் ஃப்ளோர் மேனேஜர். எம்.டி. என்னைவிட வயதில் சின்னவர், படு கெட்டிக்காரர். ஒருநாள் சிரித்த முகமாக வந்து, புது ப்ராஜெக்ட் பிடித்திருக்கிறேன், டிவி பார்க்கிற வேலை என்றார். ஃப்ளோரே கைதட்டியது. டிவி பார்க்கச் சம்பளம் என்றால் யாருக்குக் கசக்கும்? கசக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

எண்ணுகிற வேலை

கிளையண்ட், அங்கே டிவி சேனல்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனம். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு ஃபுட்பால்தானாம். அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது, விளம்பரக்காரன் முகம் சுளிக்கிறான், காரணம் கண்டுபிடி என்று ஒரு சேனல் அவர்களைப் பிடித்திருந்தது. அவர்கள் எங்களைப் பிடித்தார்கள்.

முந்தைய வார மேட்சுகளின் ரெக்கார்டிங் வரும். பகல் ஷிஃப்டிலேயே பார்க்கலாம். பந்து ஆட்டத்தில் இருந்தால் 'பி' கீ. ரீப்ளே என்றால் 'ஆர்'. விளம்பரம் 'ஏ'. கூட்டத்தையோ கோச்சின் மூஞ்சியையோ காட்டினால் 'சி'. இது எதுவுமே இல்லை, ஆட்டம் சும்மா நிற்கிறது என்றால் ஐடில், அதற்கு 'ஐ'. திரையில் காட்சி மாறும்போதெல்லாம் விரலும் மாற வேண்டும். இதற்கு லாகிங் என்று பெயர். எந்த நொடியில் ஜனங்கள் சேனலை மாற்றுகிறார்கள் என்ற கணக்கு கிளையண்டிடம் இருந்தது. அந்த நொடியில் திரையில் என்ன இருந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு.

அந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பது அபூர்வம். உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். ஹெல்மெட் போட்ட நாலு தடியர்கள் ஓடிவந்து மோதிச் சாய்ப்பார்கள். சில நொடிதான். உடனே ஆட்டத்தை நிறுத்தி, கூடிப் பேசி, மறுபடி வரிசையில் நிற்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒளிபரப்பில், பந்து நகர்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிக்கிற நேரம் தேறும். மீதியெல்லாம் கார், பீர், மாத்திரை விளம்பரம்.

ஜனங்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். விளம்பரத்துக்கு நடுவில் ஆட்டம் போட்டால் எவன் பார்ப்பான் என்றான் ஒருத்தன். நல்ல கட்டத்தை மட்டும் போனில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்ளலாமே என்றாள் ஒருத்தி. ஒரு மேட்ச் ஒரு ஆப்பில், இன்னொரு மேட்ச் வேறு ஆப்பில், எல்லாவற்றுக்கும் சந்தா கட்டி மாளவில்லை என்று அங்கே புலம்புகிறார்களாம். ஆட்டத்துக்குள் அரசியல் நுழைந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டாம். எல்லாம் சரிதான், எங்களை யார் கேட்டார்கள்? எண்ணச் சொன்னார்கள், எண்ணினோம்.

கலைச்செல்வியின் மிஸ்மேட்ச்

ஒரே மேட்சை இரண்டு பேர் தனித்தனியாக லாக் பண்ணுவார்கள். இருவர் கணக்கும் ஒத்துவராத இடம் மிஸ்மேட்ச் என்று சிவப்பாகக் காட்டும். அதை உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. கலைச்செல்வி வேலையில் படு சுத்தம். அவளுடைய ஃபைலில் திடீரென்று சிவப்பு வர ஆரம்பித்தது. தூங்கி வழிகிறாளோ என்று திறந்து பார்த்தேன். தப்பெல்லாம் ஒரே மாதிரி இடத்தில் இருந்தது. எவனாவது அடிபட்டுத் தரையில் கிடக்கும்போது, திரையில் ரீப்ளே வந்து, கூட்டம் வந்து, எல்லாம் போன பிறகும் அவள் விரல் ஐடிலிலேயே நின்றது.

கூப்பிட்டுக் கேட்டேன். என் ஸ்கிரீனிலேயே அந்த இடத்தை ஓட்டிக் காட்டினாள்.

"இந்த ஆளு கை ரெண்டும் விறைச்சு மேல நிக்குது பாருங்க சார். எங்க வீட்டுக்காரரு ரோட்டுல விழுந்தப்பவும் இப்படித்தான் நின்னுச்சாம். இதுக்கு எப்படி சார் ஐடில்னு அடிச்சுட்டுப் போறது? எந்திரிக்கிறாரான்னு பாத்துட்டு விரலை எடுக்கலாம்னு இருந்துடறேன்."

அவள் கணவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வண்டி ரிப்பேர் என்று, சமயபுரத்திலிருந்து சிநேகிதன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஹைவேயில் பைக் சறுக்கிவிட்டது. ஹெல்மெட் இல்லை. வெளிக்காயம் ஆறிவிட்டது, உள்ளே ஆறவில்லை. இப்போதும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடுகிறாராம். வண்டியை விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டியாகிவிட்டது என்று அவளும் தினம் சொல்கிறாள், அவர் தினம் புதிதாகக் கேட்டு அழுகிறார். எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீடு, ஒரு பெண் குழந்தை, இவள் சம்பளம் ஒன்றுதான். இந்த வேலை போனால் அந்த வீடு அப்படியே உட்கார்ந்துவிடும்.

விதி கிளையண்ட் போட்டது. பந்து நிற்கிறது, ஆகவே ஐடில். தண்ணீர் குடித்தாலும் ஐடில், மண்டை கலங்கிக் கிடந்தாலும் ஐடில். எவன் யோசித்த விதியோ, அவன் வீட்டில் யாரும் விழுந்திருக்க மாட்டார்கள்.

எக்ஸ்

அடிபட்டுக் கிடப்பதற்குத் தனியாக ஒரு கீ வேண்டும் என்று எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன்.

"நம்ம வேலை எண்றது சார். எதை எண்றதுன்னு அவன் சொல்லுவான்," என்றார்.

ஆனால் அந்த வாரக் கடைசியில் கிளையண்டோடு வீடியோ கால் இருந்தது. அந்தப் பக்கம் மார்க் என்று ஒருவர், எப்போதும் நன்றாகப் பேசுவார். ஃப்ளோரிலிருந்து யோசனை ஏதாவது உண்டா என்று வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் எம்.டி. ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். கலைச்செல்வியின் பெயரையும் சொன்னேன். மார்க் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரமாதம், இது எங்களுக்குத் தோன்றவே இல்லையே என்றார். அடுத்த வாரமே புது கீ வந்துவிட்டது. அடிபட்டு விழுந்தால் 'எக்ஸ்'.

கிளையண்ட் பாராட்டியதும் எம்.டி.க்கும் அது அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது. ஃப்ளோருக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். கலைச்செல்வியின் ஃபைலில் சிவப்பு நின்றுபோயிற்று. அன்று அவள் என் டேபிளுக்கு வந்தாள்.

"இனிமே தனியா தெரியும்ல சார். இத்தனை பேரு விழறாங்கன்னு பாத்தா ஏதாச்சும் செய்வாங்க."

செய்வார்கள் என்று நானும் நம்பினேன். அன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, இத்தனை வருஷ உத்தியோகத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்று எனக்குள் ஒரே பெருமை. என் மூஞ்சிக்குப் பெருமை ஒன்றுதான் குறைச்சல்.

சீசன் முடிந்ததும் மார்க் ரிப்போர்ட்டை எங்களுக்கும் போட்டுக் காட்டினார். யோசனை சொன்னவள் என்று கலைச்செல்வியையும் எம்.டி. உள்ளே கூப்பிட்டிருந்தார். திரையில், பார்க்கிறவர்கள் எண்ணிக்கை என்று ஒரு கோடு ஏறி இறங்கிப் போனது. எக்ஸ் வருகிற இடமெல்லாம் கோடு தொபுக்கென்று கீழே விழுந்தது. விழுந்தவன் கிடக்கக் கிடக்க ஜனங்கள் டிவியை விட்டுப் போகிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் முதலில் போகின்றன என்றார் மார்க். நான் கலைச்செல்வியைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, இனி மோதுவதைக் குறைப்பார்கள், விதியை மாற்றுவார்கள், ஏதோ ஒன்று செய்வார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

மார்க் கடைசிப் பக்கத்தைப் போட்டார். சேனலுக்கு அவர்கள் சொன்ன ஆலோசனை ஒன்றே ஒன்று. விழுந்தவரைத் திரையில் வைத்திருக்காதீர்கள், உடனே விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

எம்.டி. கைதட்டினார். என்ன சார் சொல்றாரு என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். காதில் விழுந்தது சரிதானா என்றுதான் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். எழுந்து சீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சீசன்

அடிபட்டால் விளம்பரம் போடுவது முன்பும் உண்டு. ஆனால் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். டாக்டர் ஓடிவருவார், சக ஆட்டக்காரர்கள் முழங்கால் போட்டு உட்காருவார்கள். அந்த சேனலின் புது சீசனில் அதெல்லாம் போயிற்று. விழுவான், எக்ஸ் அடித்த விரலை எடுப்பதற்குள் பீர் விளம்பரம். திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். விழுந்தவனைப் பற்றிப் பேச்சே இருக்காது.

கலைச்செல்வியால் ஃபைலை மூட முடியவில்லை. மேட்ச் முடிந்த பிறகும் ரெக்கார்டிங்கை முன்னும் பின்னும் ஓட்டி, ஓரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காருகிற பெஞ்சைக் காட்டுகிற இடமெல்லாம் நிறுத்தி, விழுந்தவனின் பனியன் நம்பரைத் தேடுவாள். தலையில் டவலைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் மூடிவிடுவாள். பார்க்காவிட்டால் தேடிக்கொண்டே இருப்பாள். மற்றவர்கள் இரண்டு ஃபைல் முடிக்கிற நேரத்தில் இவள் ஒன்றில் நிற்பாள். வேண்டாம்மா, அவன் யாரோ நீ யாரோ என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவாள், மறுநாளும் அதேதான்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டு அவளை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடச் சொன்னார். அந்த கீயே அவளால்தான் வந்தது, வீட்டு நிலைமையும் உங்களுக்குத் தெரியும் என்றேன்.

"அதுக்குத்தான் அன்னிக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாச்சே சார்," என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவளை இன்ஷூரன்ஸ் பாரம் அடிக்கப் போடுங்கள் என்றேன், அங்கே ஆள் நிறைய இருக்கிறது என்றார். அப்படியானால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சரி என்று அவளை அங்கேயே கூப்பிட்டார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு மாதச் சம்பளம் கூடப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விழுந்த மனுஷன் எந்திரிச்சானான்னு பாத்துட்டு அடுத்த வேலைக்குப் போறது தப்பா சார்?"

"தப்பில்லம்மா. ஆனா அந்த நேரத்துக்கு கிளையண்ட் பில் பாஸ் பண்ண மாட்டான்."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். தெரிந்த இரண்டு மூன்று ஆபீஸில் அவளுக்காகக் கேட்டேன். ஒவ்வொருவனும் ஒரு சாக்குச் சொன்னான். மூன்று மாதம் கழித்து, குழந்தையையும் கணவரையும் கூட்டிக்கொண்டு மண்ணச்சநல்லூர் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் வீட்டில் கணவரோடு போய் ஒட்டிக்கொள்வது என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடைசி வீடியோ கால்

இத்தனை செய்தும் அந்த சேனலில் பார்க்கிறவர்கள் கூடவில்லை. கோடு வேறு இடங்களில் விழ ஆரம்பித்தது. இனி கம்ப்யூட்டரே எண்ணிக்கொள்ளும் என்று ப்ராஜெக்டை மூடினார்கள். விடைபெறுகிற வீடியோ காலில் மார்க் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். இந்த உலகத்தில் இந்த ஆட்டத்தை ஒரு நொடி விடாமல் பார்த்தவர்கள் நீங்கள்தான், மனதில் பட்டதைச் சொல்லுங்கள், ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டார். முதல் தடவையாக எங்களைக் கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஒருத்தன் உயிருக்குத் தவித்துக் கிடக்கும்போது பீர் விளம்பரம் போட்டால், நெஞ்சில் கொஞ்சம் ஈரம் இருக்கிறவன் எழுந்து போய்விடுவான் சார், போனவன் திரும்பி வர மாட்டான் என்றேன். எம்.டி. என் காலை மிதித்தார். மார்க் கோபப்படவில்லை. கவனமாகக் கேட்டு, பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அப்படியானால் பீருக்குப் பதில் எந்த விளம்பரம் போட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார்கள் என்று.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த வருஷமே ரிடையரும் ஆனேன்.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எதையாவது எண்ணித் தருகிறேன் என்று வாயைத் திறக்கும் முன், அந்தக் கணக்கை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. இத்தனை பேர் விழுகிறார்கள் என்று காட்டினால் தூக்கிவிட யாராவது வருவார்கள் என்று நம்பினோம். வந்தார்கள், கேமராவைத் திருப்பிவிட்டுப் போனார்கள்.