ஆறு மணிக்கு அப்பா

என் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளம் அவரை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது; அவர்தான் பட்டாளத்தை விட்டபாடில்லை. பன்னிரண்டரைக்குச் சோறு. ஒரு நிமிஷம் தள்ளி வைத்தால் ஆறிப்போச்சு என்பார்; தட்டில் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தான் இன்னும் சாகவில்லை என்று அவர் பிரான்சுக்கு எழுதி அனுப்ப வேண்டும். உயிர்ச் சான்றிதழ். அது போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதில் கையெழுத்துப் போடும் நாளில் வீட்டில் யாரும் அவருக்கு எதிரே போகமாட்டோம். "கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், இதுக்கு ஒரு சாட்சி வேற வேணுமா இவனுங்களுக்கு?" என்று கத்துவார்.

எனக்கும் அந்தச் சிவப்பு பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டு. பிரான்சுக்குப் போனேன், குளிர் தாங்காமல் இரண்டே வருஷத்தில் ஓடி வந்தேன், கோட்டுச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டேன். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். அக்கா போனாள், அங்கேயே நின்றுவிட்டாள்.

அம்மா இறந்தபோது, எடுப்பது நாலு மணிக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா சென்னையில் இறங்கி காரில் வந்துகொண்டிருந்தாள். போன் மேல் போன். "சிதம்பரம் தாண்டிட்டேன் தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு." நான் அப்பாவின் காலில் விழாத குறை. "நாலுன்னா நாலு" என்றார். அக்கா மாலையோடு வந்து இறங்கும்போது மணி ஆறு. வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம், தரை இன்னும் காயவில்லை. அந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா எனக்குப் போன் செய்வாள். என் பெண்டாட்டியை, பக்கத்து வீட்டை, தெருநாய் குட்டி போட்டதா என்பது வரைக்கும் விசாரிப்பாள். அப்பாவை மட்டும் கேட்கமாட்டாள். அப்பாவோ அவள் போன் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எதுவும் காதில் விழாதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே வார்ப்பு. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

அப்பா எண்பதை நெருங்குகிற மனுஷன். ஒரு நாள் பொசுக்கென்று போய்விட்டால், அக்கா என் மூஞ்சியில்கூட முழிக்கமாட்டாள். இந்தப் பயத்தில்தான் நான் ரேடியோ ஆரம்பித்தேன்.

கடையில் ஒரு புண்ணியவான் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத லேப்டாப் ஒன்று கிடந்தது. திரை போய்விட்டது, மற்றபடி நல்ல ஜாதி. அதற்கு ஒரு பழைய மானிட்டரை மாட்டி, லினக்ஸ் ஏற்றினேன். ஐஸ்காஸ்ட் என்று ஒரு புரோகிராம். நாம் கொடுக்கிற சத்தத்தை வாங்கி, யார் கேட்டாலும் இணையத்தில் ஊற்றும். காகிதத்தில் பார்த்தால் அரை மணி நேர வேலைதான். ஆனால் எங்கள் இன்டர்நெட்காரர் தெருவுக்கே ஒரே முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறார். வெளியிலிருந்து வருகிறவனுக்கு என் வீட்டுக் கதவு எதுவென்றே தெரியாது. அவருக்குப் போன் செய்து தனி முகவரி கேட்டேன். "வீட்டுக்கெல்லாம் எதுக்கு சார் அது?" என்றார், நான் என்னமோ பீரங்கி கேட்டதுபோல. கடைசியில் வெளியூர் சர்வர் ஒன்றில் சின்னதாக இடம் பிடித்து, அது வழியாகச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாரம் பிடித்தது. "மேசை பூரா ஒயரு. சோத்தை என் தலையிலயா வைக்கிறது?" என்றாள் என் பெண்டாட்டி. நியாயமான கேள்வி.

நாள் முழுக்கப் பழைய பாட்டு ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மைக் முன்னால் உட்கார்ந்து ஊர்ச் செய்தி சொல்வார். பிரான்சில் அப்போது மதியம். "வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஜனங்க கேப்பாங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அக்காவுக்கு "ரேடியோ ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன்" என்று லிங்க் மட்டும் அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை.

முதல் நாள் அப்பா சட்டையெல்லாம் போட்டு, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ரேடியோவுக்கு! "வணக்கம். மணி ஆறு. காரைக்கால்மேட்டுல இன்னிக்கு வஞ்சிரம் இல்ல, சங்கராதான். வரிச்சிக்குடி பக்கம் நடவு முடிஞ்சுது. மழை வர்ற மாதிரி இருக்கு, வராது." அவ்வளவுதான் செய்தி.

யார் கேட்கிறார்கள் என்பதை ஐஸ்காஸ்ட் ஒரு குறிப்பில் எழுதிவைக்கும். அன்று மூன்று பேர். ஒன்று நான். ஒன்று எங்கிருந்தோ கதவை ஆட்டிப் பார்க்கிற திருட்டு புரோகிராம். மூன்றாவது பிரான்ஸ்.

"எத்தனை பேருடா?" என்றார் அப்பா.

"மூணு பேருப்பா. பிரான்ஸ்ல ஒண்ணு."

மறுநாள் அவர் செய்தி முடிகிற இடத்தில், "பிரஷர் மாத்திரை போட்டாச்சு. கால் வீக்கம் தேவலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உலகத்துக்கு எதுக்குப்பா உங்க பிரஷரு?"

"அதுவும் நியூஸ்தான்டா."

அன்றிலிருந்து தினமும் மாத்திரைச் செய்தி. பிரான்சும் தினமும் ஆறுக்கு வந்தது, ஆறு பத்துக்குப் போனது. கேட்கிறேன் என்று அக்கா சொல்லவில்லை. கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும் என நானும் சொல்லவில்லை. பேசித் தொலைத்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

மழைக்காலம் முழுக்க இது ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுகிற எதையும் விட்டுவைக்கிற ஜென்மம் இல்லை நான். ஒரு சனிக்கிழமை காலை, புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று மெஷின் சொல்ல, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஏற்றினேன். முடிந்தது. பாட்டு, மைக், எல்லாமே முடிந்தது. ஆறு மணிக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை.

சாவு விழுந்த வீட்டில் ரேடியோ, டிவி எதுவும் போடமாட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை வீடு கம்மென்று இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த இரண்டு நாளில் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. என் மண்டையில் ஓடியதெல்லாம் சவுண்ட் கார்டுதான்.

ஞாயிறு ஆறு தாண்டி ஐந்து நிமிஷம். நான் மேசைக்கு அடியில் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் என் போன் அடித்தது. நான் கைவேலையாக இருந்தால், எந்தப் போன் அடித்தாலும் எடுத்து ஸ்பீக்கரில் போடுவது அப்பா வழக்கம். கண்ணாடி போடாமல் யாரென்றும் பார்க்கமாட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"தம்பி, மறைக்காதே. ரெண்டு நாளா ரேடியோ ஓடல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டிக்கெட் போட்டுட்டேன்டா. அப்பாவை ஐஸ் பெட்டியில வச்சிருங்க. இந்த வாட்டியாவது நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க, உன் கால்ல விழுறேன்."

நான் பதறி எழுந்து மேசையில் மண்டையை இடித்துக்கொண்டேன். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் பேசுறேன்" என்றார்.

அப்பா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ரேடியோல ஏதோ கார்டு தகராறாம். இவன் கீழ படுத்துக் கிடக்கான்."

அப்புறம்தான் அக்கா அழுதாள். அழுகை திட்டாக மாறியது. ஒன்பது வருஷத்துத் திட்டு. அப்பா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்:

"பாப்பா. அன்னிக்கு உங்கம்மாவை நான் இருத்தி வச்சிருக்கணும். நாலு மணியாம், பெரிய நாலு மணி. போட்ட டிக்கெட்டை வேணாம்னு சொல்லிடாதே, வா. எத்தனை மணி ஆனாலும் நான் இருக்கேன்."

நான் மேசைக்கு அடியிலேயே இருந்துகொண்டேன். அந்த நேரத்தில் என் மூஞ்சியை யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மானிட்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெள்ளிக்கிழமைவரை மெஷின் ஒன்றாம் நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்த சவுண்ட் கார்டை இப்போது இரண்டாம் நம்பர் என்று வைத்திருக்கிறது. ஒரே ஒரு எண்தான். அதை மாற்றியதும் பாட்டு ஓட ஆரம்பித்தது.

யார் கேட்கிறார்கள் என்று குறிப்பைத் திறந்து பார்த்தேன். பிரான்சிலிருந்து யாரும் இல்லை. அவள் இன்னும் போனில்தான் இருந்தாள்.